கரண்ட் கொடியை எங்கே வைப்பது? சின்ன வீடு, ஈரத்துணி, ஒரு சிவகாசி அம்மாவின் பாடம்

(எபிசோடைக் கேட்க நேரமில்லாதவர்களுக்கு அதன் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களையும் நடுவில் வந்த குக்கர் விசிலையும் எடுத்துவிட்டேன். மத்தபடி பேசினது பேசினபடிதான் இருக்கு.)

போன வாரம் மான்செஸ்டர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். என் பழைய டீம்ல ஜூனியர். நான் ஊர் திரும்பும்போது ஒரு குக்கர், ரெண்டு போர்வை, ஒரு ஹீட்டட் ஏரர், இவ்வளவையும் அவன்கிட்டதான் கொடுத்துட்டு வந்தேன். அவன் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, இந்தத் துணி காயப்போடுற மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலை முடிஞ்சதும் இதை எங்கண்ணா வைக்கிறது? ரூம்ல நடக்கவே இடமில்ல."

முதல்ல சிரிச்சேன். இதுக்கெல்லாமா போன் பண்ணுவ? அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, இதே கேள்விக்குத் தப்பான பதிலைச் செஞ்சு ஒரு தடவை கரண்ட் ஷாக் வாங்கியிருக்க வேண்டியவன் நான். அதனால இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான். துணி எப்படிக் காயுது, இந்த மெஷின் உள்ளே என்ன நடக்குது, அதை எப்படி மடிக்கணும், எங்கே வைக்கணும். நடுவுல எங்க ஊர் பட்டாசு ஆலையும் வரும். ஏன்னு கேட்டுக்கிட்டே வாங்க.

வெயில் சும்மா கிடைத்த ஊர்

எனக்குச் சொந்த ஊர் திருத்தங்கல். சிவகாசியை ஒட்டினது, இப்போ சிவகாசி மாநகராட்சிக்குள்ளேயே வந்துடுச்சு. விருதுநகர் மாவட்டம். அங்கே வளர்ந்த யாருக்கும் "துணி காயலை" என்பது ஒரு பிரச்சினையே கிடையாது. காலைல பதினோரு மணிக்குக் கொடியில போட்ட லுங்கி, மத்தியானம் சாப்பிட உட்காரும்போது மொறுமொறுன்னு இருக்கும். எடுக்க மறந்தா சாயம் வெளுத்துப்போகும். அவ்வளவுதான் கஷ்டம்.

அந்தக் காய்ச்சல்தான் ஊருக்குச் சோறு போட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பக்கத்துல இருக்கிற கரிசல் காடு எங்களுது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துட்டு, எங்களுக்குக் காத்தை மட்டும்தான் அனுப்பும். விவசாயத்துக்கு அது சாபம். ஆனா 1920களின் தொடக்கத்துல பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க பாருங்க, அந்தத் தொழிலுக்கு இதே வறட்சி வரம். குச்சி காயணும், குச்சித் தலையில வச்ச மருந்து காயணும், ஒட்டின பெட்டி காயணும். பின்னாடியே பட்டாசு வந்தது. லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன. காகிதம் ஈரத்தை இழுத்தா ஊதும், ஊதினா நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காராது. ஆக மூணு தொழிலுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: காஞ்ச காத்து.

எங்கம்மா இருபது வருஷத்துக்கு மேல பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனவங்க. சித்தியும் அப்படித்தான். எங்க வீட்டுல "காயுறது" பத்தி எல்லாருமே எக்ஸ்பர்ட். நான் மட்டும்தான் இன்ஜினியரிங் படிச்சேன். அதனால எனக்குத்தான் ஒண்ணும் தெரியாமப் போச்சு.

துணி காயுறது எப்படி?

ரொம்பச் சுருக்கமாச் சொல்றேன். ஈரத்துணி காய நாலு விஷயம் வேணும். ஒண்ணு, சூடு. தண்ணி ஆவியாக வெப்பம் வேணும். ரெண்டு, சுத்தி இருக்கிற காத்துல இன்னும் ஈரம் ஏத்திக்க இடம் இருக்கணும். மூணு, காத்து நகரணும். துணியை ஒட்டி நிக்கிற ஈரக் காத்து விலகிப் புதுக் காத்து வரணும். நாலு, துணி விரிஞ்சு இருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா உள்ளே இருக்கிறது காயாது.

திருத்தங்கல் மொட்டை மாடியில நாலும் ஓசி. ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குள்ள நாலுக்கும் நாமதான் ஏற்பாடு பண்ணணும்.

இப்போ ரெண்டாவது விஷயத்துல ஒரு சுவாரசியம் இருக்கு. காத்து எவ்வளவு ஈரம் பிடிக்கும் என்பது அதோட வெப்பநிலையைப் பொறுத்தது. 5 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து ஏறக்குறைய 7 கிராம் தண்ணிதான் வச்சிருக்கும். 20 டிகிரியில 17 கிராம். 25 டிகிரியில 23 கிராம்.

நவம்பர் மாசம் மான்செஸ்டர்ல வெளியே 5 டிகிரி, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு, ஓயாத தூறல், ஹியூமிடிட்டி 90 சதவீதம். "இந்த ஈரத்துல ஜன்னலைத் திறந்தா துணி எப்படிக் காயும்?"னு நான் இறுக்கி மூடி வச்சிருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் காத்துல இருக்கிறது மொத்தமே 6 கிராம் சொச்சம். அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானா, 17 கிராம் பிடிக்கிற இடத்துல 6 கிராம்தான் இருக்கு. அதாவது 35 சதவீத ஹியூமிடிட்டி. நல்லா காஞ்ச காத்து! வெளியே மழை பெஞ்சாலும், குளிர் நாட்டுல ஜன்னலைக் கொஞ்சம் திறந்தா வீடு காயும்.

சென்னையில இது தலைகீழ். நவம்பர் மழையில வெளியே 26 டிகிரி, 90 சதவீதம்னா அந்தக் காத்துலயே 22 கிராம் இருக்கு. அது உள்ளே வந்து 28 டிகிரி ஆனாலும் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அதனால சென்னைக்காரங்களுக்கு ஜன்னலை விட ஃபேன்தான் முக்கியம். ஏசியில டிரை மோட் இருந்தா அது இன்னும் மேல். ஒரே டிப்ஸ் எல்லா ஊருக்கும் செல்லாது. இதை மனசுல வச்சுக்கோங்க.

கரண்ட் கொடின்னா என்ன?

ஹீட்டட் ஏரரைப் பார்க்காதவங்களுக்காக: அலுமினியக் குழாய்களால ஆன ஒரு மடிக்கிற ஸ்டாண்டு. நடுவுல ஒரு தட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு இறக்கை. இல்லன்னா மூணு அடுக்கா உயரமா நிக்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளேயும் ஒரு ஹீட்டிங் வயர் ஓடுது. பிளக்கைச் சொருகினா குழாய் 50, 60 டிகிரி வரைக்கும் சூடாகும். தொட்டா சுள்ளுன்னு இருக்கும், ஆனா உடனே பொசுக்காது. வீடியோ கால்ல இதைப் பார்த்த எங்கம்மா வச்ச பேருதான் "கரண்ட் கொடி". இனிமே அப்படியே சொல்றேன்.

மின்சாரம் எவ்வளவு? இறக்கை வச்சது 220, 230 வாட் இருக்கும். மூணு அடுக்கு 300 வாட். நம்ம ஊர் சீலிங் ஃபேன் நாலு ஓடுற அளவு, இல்லன்னா இஸ்திரிப் பெட்டியில மூணுல ஒரு பங்கு. ஆறு மணி நேரம் ஓடினா 1.8 யூனிட். இங்கிலாந்துல யூனிட் 25 பென்ஸ்னு வச்சா 45 பென்ஸ். சாதாரண டம்பிள் டிரையர் ஒரு தடவைக்கு நாலஞ்சு யூனிட் இழுக்கும். 2022 குளிர்காலத்துல கேஸ், கரண்ட் விலை ஏறினப்ப இங்கிலாந்துல இந்தக் கொடிகள் கடை கடையா வித்துத் தீர்ந்ததுக்குக் காரணம் இதுதான்.

இப்போ யாரும் பேசாத கணக்கு ஒண்ணு. நாலு கிலோ துணி துவைச்சு நல்லா ஸ்பின் பண்ணி எடுத்தாலும் அதுல ரெண்டு லிட்டர் தண்ணி இருக்கும். கரண்ட் கொடி அந்தத் தண்ணியை அழிக்கிறதில்லை. துணியில இருந்து எடுத்து உங்க ரூம் காத்துல விடுது. பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா 28 கன மீட்டர். 25 டிகிரியில அந்த மொத்தக் காத்தும் பிடிக்கிற தண்ணியே 650 கிராம்தான். அதுலயும் பாதிக்கு மேல ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அப்போ மிச்ச ஒன்றரை லிட்டர் எங்கே போகும்? ஜன்னல் இடுக்கு வழியா வெளியே போகணும். இல்லன்னா ரூம்லயே குளிர்ச்சியான இடமாப் பார்த்து உட்காரும். வெளிச்சுவரோட மூலை, பீரோவுக்குப் பின்னாடி, மெத்தைக்கு அடியில. ரெண்டு வாரத்துல அங்கே கறுப்பா பூசணம் பூக்கும்.

பூசணம்னா வெறும் அசிங்கம்னு நினைக்காதீங்க. நான் இருந்த இடத்துல இருந்து பதினஞ்சு, இருபது கிலோமீட்டர்ல ராச்டேல்னு ஒரு ஊர். அங்கே அவாப் இஷாக்னு ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பர்ல இறந்துபோனான். ஒரு பெட்ரூம் ஃப்ளாட். வீடெல்லாம் பூசணம். அப்பா, அம்மா பல தடவை முறையிட்டும் சரி செய்யப்படலை. வீட்டில் இருந்த பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததுதான் மூச்சுக்கோளாறுக்கும் சாவுக்கும் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2023ல் வந்த சமூகக் குடியிருப்புச் சட்டத்தில் அவன் பேரிலேயே "அவாப் சட்டம்" சேர்ந்தது. பூசணப் புகார் வந்தா, குறிப்பிட்ட காலத்துக்குள்ள வீட்டுக்காரர் நடவடிக்கை எடுத்தாகணும்.

இதை ஏன் சொல்றேன்னா, துணி காயப்போட்ட குடித்தனக்காரர்தான் குற்றவாளின்னு சொல்லிட்டுப் போறது ரொம்ப சுலபம். காத்தோட்டம் இல்லாம வீடு கட்டி வாடகைக்கு விட்டவருக்கும் அதுல பங்கு உண்டு. ஆனா சட்டம் வர்ற வரைக்கும் நம்ம நுரையீரல் காத்திருக்காது. ரூம்ல கொடி ஓடும்போது கதவைச் சாத்தி, ஜன்னலை நாலு விரல் திறந்து வைங்க. இல்லன்னா டீஹ்யூமிடிஃபையர். ரெண்டுல ஒண்ணு கட்டாயம்.

நான் செய்த தப்பு

சரி, என் கதைக்கு வரேன். மான்செஸ்டர்ல எனக்கு ஒரே ஒரு ரூம். அடுப்பு, கட்டில், மேசை எல்லாம் அதுக்குள்ளதான். முதல் கொடியை வாங்கினப்போ பெருமையா ஊருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

வாரத்துக்கு ரெண்டு தடவை ராத்திரி துணி போடுவேன். காலைல ஆபீஸுக்கு லேட். ஸ்விட்சை அணைச்ச அடுத்த நிமிஷம், சுடச்சுட இறக்கைகளை மடக்கி, வயரை அந்தச் சூட்டுக் குழாய் மேலேயே நாலு சுத்து இறுக்கிச் சுத்தி, அலமாரியில தொங்குற ஜாக்கெட்டுகளுக்கு நடுவுல குத்திச் சொருகிட்டு ஓடுவேன். சில நாள் ஒரு டவல் காயாமலேயே உள்ளே மாட்டிக்கிட்டிருக்கும். "சாயங்காலம் பார்த்துக்கலாம்."

மூணு மாசத்துல முதல்ல ஜாக்கெட்டுல மக்கின வாடை வந்தது. அப்புறம் எனக்கு இருமல். குளிர்தான் காரணம்னு நினைச்சேன். அப்புறம் கொடியோட ஒரு இறக்கை மட்டும் சூடாகலை. பரவாயில்ல, மிச்சம் ஓடுதேன்னு விட்டுட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஈர சட்டையைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினதும் ரூமே இருட்டாச்சு. மெயின் பாக்ஸ்ல ஆர்சிடி டிரிப் ஆகியிருந்தது. கரண்ட் போற வழியில போகாம வேற எங்கேயோ கசிஞ்சா, 30 மில்லி ஆம்பியர் அளவுலயே அது கட் பண்ணிடும். உயிரைக் காப்பாத்துறதுக்குன்னே வச்ச சாதனம்.

பிளக்கைப் பிடுங்கிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இறக்கை மடங்குற கீல் பக்கத்துல வயர் நசுங்கி, மேலுறை கிழிஞ்சு, செம்புக் கம்பி மினுங்குது. அதுக்கு மேலதான் ஈர சட்டை.

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கலை. போனைச் சித்திகிட்ட கொடுத்தாங்க.

சித்தியோட கை

சித்திக்கு வலது கை விரல்கள் முழுசா மடங்காது. நான் அஞ்சாவது படிக்கும்போது நடந்தது. கம்பி மத்தாப்பு வேலை. கம்பிகளைச் சட்டத்துல அடுக்கி, குழம்பு மாதிரி கரைச்ச மருந்துல முக்கி, வெயில்ல காய வைப்பாங்க. காஞ்சதும் மறுபடி முக்குவாங்க. அந்த வாரம் வானம் மூடியிருந்தது. தீபாவளி ஆர்டர் நெருக்குது. சாயங்காலம் தூறல் விழுந்ததும், அரைகுறையாக் காஞ்சது, காயாதது, மிச்ச மருந்து எல்லாத்தையும் அள்ளி ஒரு அறையில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கச் சொல்லிட்டாங்க. மறுநாள் காலைல அதை எடுக்கப் போனவங்கள்ல சித்தியும் ஒருத்தர். குப்புனு பிடிச்சுக்கிச்சு.

இதுல இருக்கிற கெமிஸ்ட்ரியை நான் காலேஜ்ல படிச்சேன். அலுமினியப் பொடி, நைட்ரேட் உப்பு, ஈரம் மூணும் சேர்ந்தா மெதுவா ஒரு வினை நடக்கும், வெப்பம் வரும். மேடையில பரப்பி வச்சா அந்த வெப்பம் காத்துல போயிடும். குவிச்சு வச்சா போக வழியில்ல. உள்ளுக்குள்ள சூடு ஏறும், ஏறின சூடு வினையை வேகமாக்கும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். கடைசியில தானாவே தீப்பிடிக்கும். இதைத் தடுக்கத்தான் அந்த மாதிரிக் கலவையில போரிக் அமிலம் கொஞ்சம் சேர்க்கிறது வழக்கம். மழைக்காலத்துல பட்டாசு ஆலைகள்ல பயம் கூடுறதுக்கும் இந்த ஈரம்தான் ஒரு காரணம்.

எங்க பக்கத்துல இந்த பயம் எல்லா வீட்டுலயும் உண்டு. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நான் ஒன்பதாவது. முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சு முப்பது பேருக்கும் மேல செத்துப்போனாங்க. அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு வந்து, அம்மா வேலை முடிஞ்சு வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் நான் தண்ணிகூடக் குடிக்கலை.

அதனால சித்தி போன்ல கேட்ட கேள்வி எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. "எய்யா, எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்க்கலை.

"மொதல்ல தொட்டுப் பாரு. கையில சூடும் இருக்கக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது. அதுக்கப்புறம்தான் அடுக்கணும். அவசரப்பட்டு அடுக்குனவுக யாரும் நல்லா இல்ல."

கரண்ட் கொடி பட்டாசு கிடையாது. மடிச்சு வச்சா வெடிக்காது. அதை நான் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பலை. ஆனா அடிப்படை அதேதான். விரிஞ்சு நிக்கிற வரைக்கும் சூடும் ஈரமும் வெளியே போகுது. மடிச்சு, சுத்தி, துணிக்கு நடுவுல சொருகினா ரெண்டும் உள்ளேயே மாட்டிக்குது. சூடு வயரைக் கெடுக்கும், ஈரம் மிச்சத்தைக் கெடுக்கும்.

அந்தக் கொடியைப் பழைய மின்சாதனங்கள் வாங்குற இடத்துல கொடுத்துட்டுப் புதுசு வாங்கினேன். பாதி கிழிஞ்ச வயரை டேப் சுத்தி ஓட்டுற வேலையெல்லாம் செய்யாதீங்க. ஈரத்துணி தொடுற சாமான் அது.

மடிக்கும் முறை

இப்போ தம்பி கேட்ட கேள்விக்கு நேரா வரேன். வரிசையாச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

ஒண்ணு: அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் விரிச்சபடியே விடுங்க. காலைல கிளம்புற அவசரம்னா, குளிக்கப் போறதுக்கு முன்னாடி அணைச்சிடுங்க. குளிச்சுச் சாப்பிட்டு வர்றதுக்குள்ள ஆறியிருக்கும். கடைசி ஈரத்தை மிச்சச் சூடே எடுத்துடும்.

ரெண்டு: துணியை முழுசா எடுங்க. காயாத டவல் இருந்தா கதவுல போடுங்க, கொடியில விட்டுட்டு மடிக்காதீங்க. குழாய்களையும் கீல்களையும் ஒரு காஞ்ச துணியால துடைங்க. அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனா கீல்ல இருக்கிற திருகும் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் இரும்பு. அதுல துரு ஏறினா அடுத்து வெள்ளைச் சட்டையிலதான் வந்து நிக்கும்.

மூணு: வயர் எங்கெல்லாம் கீலைத் தாண்டிப் போகுதுன்னு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. நடுத்தட்டுல இருந்து இறக்கைக்குக் கரண்ட் போகணும்னா, அந்த மடிப்பைத் தாண்டித்தான் போகணும். ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் அந்த வயர் வளையுது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சா உடையும் இல்லையா, அதே கதை. என் கொடியில முதல்ல ஒரு இறக்கை மட்டும் செத்தது அதனாலதான். அதனால இறக்கையை மெதுவா இறக்கி, வயர் ரெண்டு குழாய்க்கு நடுவுல நசுங்காம விரலால ஒதுக்கிவிட்டு மூடுங்க. முதல்ல இறக்கை, அப்புறம் கால். கொக்கி விழலைன்னா அமுக்காதீங்க. எங்கேயோ ஏதோ சிக்கியிருக்குன்னு அர்த்தம்.

நாலு: மெயின் வயரைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தளர்வா வளையம் போட்டு, பழைய ஷூ லேஸால லேசாக் கட்டுங்க. குழாய் மேல சுத்தவே கூடாது. சாதாரண பிவிசி வயரோட தாங்குதிறனே 70 டிகிரிதான். குழாய் 50, 60 போகும். சூட்டுல இளகின பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுத்தினா அந்த இடம் தட்டையாகி மெலிஞ்சுபோகும். அதோட, அடுத்த தடவை யாராவது வயரைப் பிரிக்காமலேயே ஆன் பண்ணினா கதை இன்னும் மோசம்.

அஞ்சு: சித்தியோட விதி. உள்ளங்கையைக் குழாய் மேல வச்சுப் பாருங்க. சூடும் இல்ல, ஈரமும் இல்லன்னா மட்டும் எடுத்து வைங்க.

எங்கே வைப்பது?

மடிச்ச கொடி ஒரு சாண் அகலம்கூட இருக்காது. எடை மூணுல இருந்து அஞ்சு கிலோ. ஆனா நீளமும் உயரமும் ஜாஸ்தி. அதனால "எந்த அலமாரிக்குள்ள?"னு தேடாதீங்க, "எந்தச் சந்துல?"னு தேடுங்க.

கதவுக்குப் பின்னாடிச் சுவர் முதல் சாய்ஸ். ரெண்டு கனமான கொக்கி அடிச்சு, வெளிச்சட்டத்தைப் பிடிச்சுத் தொங்கவிடலாம். சூடாகிற குழாய்களைக் கொக்கியில மாட்டாதீங்க, வளைஞ்சுடும். வாடகை வீட்டுல ஆணி அடிக்க முடியாதுன்னா, கதவு மேல மாட்டுற கொக்கி கிடைக்கும். அதை வாங்குறதுக்கு முன்னாடி எவ்வளவு எடை தாங்கும்னு பாருங்க.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல நிறுத்தி வைக்கலாம். ஆனா அது வெளிச்சுவரா இருந்து, தொட்டா ஜில்லுன்னு இருந்தா வேண்டாம். ஈரம் உட்காருற இடம் அது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடியும் கூடாது. ஃப்ரிட்ஜ் சூட்டை வெளியே விட அந்த இடைவெளி வேணும்.

கட்டிலுக்கு அடியில படுக்கப் போடலாம். ரெண்டு நிபந்தனை: மேல சூட்கேஸ் வைக்காதீங்க, தூசி படாம ஒரு பழைய வேட்டியையோ பெட்ஷீட்டையோ போர்த்துங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மிச்சமிருக்கிற துளி ஈரத்தையும் அது உள்ளேயே பிடிச்சு வச்சுக்கும். பருத்தித் துணி மூச்சு விடும்.

கூட வர்ற ஜிப் கவர் இருந்தா, அது கொடி ஓடும்போது சூட்டை உள்ளே பிடிச்சு வைக்கத்தான். அதையும் தனியாக் காயவச்சுத்தான் மடிக்கணும். அது இல்லன்னா கண்ட போர்வையையும் தரை வரைக்கும் தொங்கவிட்டு மூடாதீங்க. அதுவும் ஸ்விட்ச், பிளக் பக்கம் போகவே கூடாது.

மறுபடி எடுக்கும்போது பத்து செகண்ட் ஒதுக்கி வயர் முழுக்க விரலை ஓட்டிப் பாருங்க. எங்கேயாவது தட்டையா, வழுவழுன்னு, வெடிப்பா இருந்தா பிளக்கைச் சொருகாதீங்க. ஆன் பண்ணின அஞ்சு நிமிஷத்துல எல்லாக் குழாயும் ஒரே மாதிரி சூடாகுதான்னு தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஜில்லுன்னு இருந்தா அது எச்சரிக்கை. நான் செஞ்ச மாதிரி பரவாயில்லன்னு விடாதீங்க.

கேட்டவர்களுக்கு

சிலர் முன்னாடியே அனுப்பின கேள்விகளுக்குச் சுருக்கமா பதில்.

"இங்கிலாந்துல இருந்து ஊருக்கு எடுத்துட்டு வரலாமா?" வோல்டேஜ் ஒண்ணுதான், 230. பிரச்சினை பிளக்ல. அங்கே பிளக்குக்குள்ளேயே ஒரு ஃப்யூஸ் இருக்கும். நம்ம பிளக்ல கிடையாது. சந்தையில கிடைக்கிற பல அடாப்டர்கள்ல எர்த் இணைப்பே இருக்காது. உலோகச் சட்டம், மேல ஈரத்துணி; எர்த் இல்லாம ஓட்டவே கூடாது. என்னைக் கேட்டா, அஞ்சு கிலோ லக்கேஜுக்கு அது தகுதியில்ல.

"பெங்களூர், சென்னைக்கு இது தேவையா?" நான் இப்போ பெங்களூர்ல ஒரு பெட்ரூம் வீட்டுல இருக்கேன். வாங்கலை. மழை மாசங்கள்ல ஸ்பின்னை 800ல இருந்து 1200க்கு மாத்தினேன். நாலு கிலோ துணியில அதுவே அரை லிட்டருக்கு மேல தண்ணியைக் குறைக்குது. சீலிங்ல கயிறு இழுத்து ஏத்துற கொடி ஒண்ணு மாட்டி, அதுக்கு நேரா ஃபேன். சட்டைக்குச் சட்டை நாலு விரல் இடைவெளி. ஒரு ராத்திரியில காயுது. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, வெயிலே வராத வீடு, தினமும் யூனிஃபார்ம் துவைக்கிற வீடுன்னா வாங்கலாம். மடிச்சா எங்கே வைப்பேன்னு இடத்தை டேப் வச்சு அளந்துட்டு வாங்குங்க.

"ராத்திரி தூங்கும்போது ஓடலாமா?" நான் ஓட்டினேன். இப்போ ஓட்ட மாட்டேன். சூடாகிற எந்தச் சாமானையும் முழிச்சிருக்கும்போது ஓட்டுறது நல்லது. டைமர் இருந்தா போடுங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதையெல்லாம் போன்ல தம்பிகிட்ட சொல்லி முடிச்சதும், அரை மணி நேரத்துல ஒரு போட்டோ அனுப்பினான். கதவுக்குப் பின்னாடி ரெண்டு கொக்கியில கொடி தொங்குது. வயர் தட்டு அளவு வளையமா, ஷூ லேஸ் கட்டி. "ஓகேவா அண்ணா?"ன்னு கேட்டிருந்தான். அதை அப்படியே எங்க வீட்டு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணினேன். சித்திக்கு டைப் பண்ண வராது, வாய்ஸ் மெசேஜ்தான். "நல்லாத்தான் இருக்கு. தொட்டுப் பாத்தானான்னு கேளு."

கேட்டேன். தொட்டுப் பார்த்தானாம்.

உங்க வீட்டுல கொடியை எங்கே வச்சிருக்கீங்கன்னு எழுதி அனுப்புங்க. இன்னும் சின்ன வீட்டுல இருக்கிற யாருக்காவது அது உதவும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.